துப்பாக்கி வரியும் வாத்து முத்திரையும்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

அங்கே அமெரிக்காவில் நவம்பரில் மான் வேட்டை தொடங்கியதும் உன் ஆபீஸ்காரர்கள் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள், அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவே மனசு வரவில்லை என்று சொன்னாய். 1972-லேயே சட்டம் போட்டு வேட்டையைக் கட்டுப்படுத்திய நாட்டில் பிறந்தவள் நீ, அப்படித்தான் தோன்றும். விளையாட்டுக்காக ஓர் உயிரைக் கொல்வது எனக்கும் சம்மதமில்லை. ஆனால் அந்த ஊர்க் காடும் சதுப்பும் யார் பணத்தில் பிழைத்தன என்று படித்த பிறகு, அவர்களை வெறுக்க என்னால் முடியவில்லை.

1937-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், காட்டுயிர் காக்க நிதி தரும் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இப்போது 11 சதவீத வரி. கைத்துப்பாக்கியும் வில் அம்பும் எழுபதுகளில் சேர்ந்தன. உற்பத்தியாளர் கட்டும் வரிதான், கடைசியில் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரையாமல், பரப்பளவையும் வேட்டை லைசன்ஸ் எடுத்தவர் எண்ணிக்கையையும் பார்த்து மாநிலங்களுக்குப் போகிறது. மாநிலம் முதலில் செலவு செய்யவேண்டும். அதில் முக்கால் பங்குவரை திரும்ப வரும்.

கருவூலத்தில் வேலை பார்த்த எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது ஒரு நிபந்தனை. வேட்டை லைசன்ஸ் கட்டணத்தை வனவிலங்குத் துறை தவிர வேறெதற்கும் திருப்பமாட்டோம் என்று மாநிலம் சட்டம் இயற்றினால்தான் இந்தப் பணமே கிடைக்கும். ஒரு கணக்குத் தலைப்பில் வந்த பணம் மார்ச் மாதத்தில் வேறு தலைப்புக்குத் தாவுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஒரு நல்ல திட்டம் சாவது பெரும்பாலும் அங்கேதான். இவர்கள் அந்தக் கதவை முதல் நாளே பூட்டிவிட்டார்கள்.

உங்கள் விஸ்கான்சினில் காட்டு வான்கோழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போனது. 1976-ல் மிசௌரியிலிருந்து பிடித்துவந்து வெர்னன் கவுண்டியில் விட்டார்கள். பதிலுக்கு கிரவுஸ் என்னும் காட்டுப்பறவையைக் கொடுத்தார்களாம். இன்று மாநிலம் முழுக்க வான்கோழி. நிலம் வாங்க, கணக்கெடுக்க, இப்படிப் பிடித்துவிட, எல்லாவற்றுக்கும் காசு வேண்டுமே.

குறையும் உண்டு. சுடப்படும் விலங்குக்குக் கிடைக்கும் கவனிப்பு தவளைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் கிடைப்பதில்லை. வேட்டைக்காரர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்று துப்பாக்கி வரி கட்டுபவர்களில் பலர் வேட்டைக்கே போகாதவர்கள். எல்லா உயிருக்கும் நிரந்தர நிதி தரும் மசோதா ஒன்று 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் நிறைவேறியும் மேலவையான செனட்டில் நின்றுபோனது. எனக்கு அது பெரிய வருத்தம். காட்டை ரசிக்கிற எல்லோரும் கொடுக்கவேண்டியதை ஒரு கூட்டம் மட்டும் எத்தனை காலம் கொடுக்கும்?

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். 1934 முதல் அரசு, தபால்தலை போன்ற வாத்து முத்திரை (டக் ஸ்டாம்ப்) ஒன்று வெளியிடுகிறது. பதினாறு வயது நிரம்பிய எந்த வாத்து வேட்டைக்காரரும் அதை வாங்கியாகவேண்டும். அன்று ஒரு டாலர், இன்று 25. ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் காக்கப் போகிறது. வாங்கத் துப்பாக்கி வேண்டாம், யாரும் வாங்கலாம். நுழைவுக்கட்டணம் கேட்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் அதையே சீட்டாகக் காட்டலாம். ஹோரிகான் சதுப்புக்கு வாத்து பார்க்கப் போகிறீர்களே, நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கொன்று வாங்குங்கள். தபால் நிலையத்தில் கேட்டுப்பார், இல்லையென்றால் இணையத்தில் கிடைக்கும். இந்த வருஷம் எந்த வாத்து வரைந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா