பூட்டில்லாத அலமாரிக்கு உங்கள் பங்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று பிழைப்புக்காகப் போயிருக்கும் நம் பள்ளியின் பழைய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது 42 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர்கள் இருவர். பிள்ளைகள் அறிவியலைத் தங்கள் கையால் செய்து பார்த்துப் படிக்க ரூ.60,000 திரட்டுகிறோம். எதற்கு என்பதை ஒரு முட்டையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் நாலாம் வகுப்பு டீச்சர், சத்துணவு முட்டையில் ஒன்றை வேகவைக்கும் முன்பே கேட்டு வாங்கி, தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரில் போட்டார். மூழ்கியது. உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கக் கலக்க, முட்டை மெல்ல எழும்பி மேலே வந்து நின்றது. "டீச்சர், முட்டை உப்பைக் குடிச்சிருச்சா?" என்றாள் ஒரு பெண். குடித்தால் கனம் கூடி இன்னும் மூழ்கத்தானே வேண்டும் என்று பக்கத்திலிருந்தவன் மடக்கினான். இன்னொருவன், "சீனி போட்டாலும் மிதக்குமா?" என்று கேட்டான். நாளைக்குப் பார்ப்போம் என்றார் டீச்சர். மறுநாள் பார்த்தார்கள். மிதந்தது, ஆனால் உப்பைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு சீனி பிடித்தது. முட்டை அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டது. சீனி டீச்சரின் கைக்காசு. நூல், பேட்டரி, பல்பு, எலுமிச்சம்பழம் எல்லாமே இப்படித்தான் வருகின்றன. எத்தனை நாளைக்கு அவர் பையிலிருந்தே எடுப்பது?

அறிவியல் சாமான் பள்ளியில் இல்லாமல் இல்லை. பல வருடங்களுக்கு முன்பு நல்ல மனதுடன் ஒருவர் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ நிறையச் சாமான் வாங்கித் தந்தார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அது பூட்டியே கிடந்தது. அப்புறம் சாவியும் தொலைந்தது. போன வருடம் உடைத்துத் திறந்தபோது காந்தங்கள் வலுவிழந்திருந்தன, தராசில் துரு. குழந்தைகள் தொடாமலேயே எல்லாம் வீணாகியிருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, அந்தப் பீரோவின் சாவி எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரிடம்தான் இருந்தது.

அதனால் இந்த முறை கதவே இல்லாத, மூன்றடி உயரத் திறந்த அலமாரி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கை எட்டும். அதோடு இரண்டு தாழ்ந்த மேசைகள். மன்னார்குடி தச்சர் மொத்தம் ரூ.20,000 சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு கைலென்ஸ் வேண்டும் என்பதில் டீச்சர் உறுதியாக இருக்கிறார். பத்துப் பேருக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்பவன் மட்டுமே பார்ப்பான், அது நியாயம்தான். 42 லென்ஸுக்கு ரூ.3,400. நுண்ணோக்கி ஒன்று ரூ.6,000. காந்தம், வில் தராசு, பிளாஸ்டிக் அளவு ஜாடி, வெப்பமானி (பாதரசம் இல்லாதது), கண்ணாடித் துண்டுகள், பல்பு, ஒயர் எல்லாம் சேர்த்து ரூ.10,600.

மீதி ரூ.20,000 உடைவதற்கும் தீர்வதற்கும். மாதம் ஆயிரம் வீதம், வருடத்துக்குப் பத்து மாதம், இரண்டு வருடம். இதைத்தான் யாரும் தர மாட்டார்கள் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. மின்விசிறி என்றால் 'உபயம்' என்று பெயர் எழுதலாம், தீர்ந்துபோன பேட்டரியில் எங்கே எழுதுவது? ஆனால் இந்தப் பணம் இல்லாவிட்டால் புது அலமாரியும் பழைய பீரோ கதைதான்.

அரசு செய்யாதா என்று கேட்பீர்கள். 2007-08இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரில் தாழ்வாகப் பூசிய கரும்பலகை இன்றும் நம் பள்ளியில் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துப் படிக்க 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல திட்டம், ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். கேள்வி கேட்டுக் குடைகிற வயசு அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

குழு உறுப்பினர்கள் போட்டது ரூ.11,500. இன்னும் ரூ.48,500 வேண்டும். நூறு ரூபாயானாலும் சரி, பணத்தைக் கையில் தர வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள், எண் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. தலைமை ஆசிரியர், குழுத் தலைவர் இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். ரசீது உண்டு. வரவு செலவை அக்டோபர் 2 கிராம சபையில் வாசிப்போம்.

பணமில்லாமலும் உதவலாம். வீட்டில் பழுதான ஸ்பீக்கர் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள், உள்ளே நல்ல காந்தம் இருக்கும். சிரட்டை, பழைய டார்ச், மூக்குக் கண்ணாடியின் லென்ஸ் எதுவும் எங்களுக்கு ஆகும்.

கடைசியாக ஓர் அழைப்பு. ஆகஸ்ட் 25ஐ ஒட்டி நம் பகுதியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். பகல் பன்னிரண்டேகால் வாக்கில் செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. வருடத்தில் இரண்டு முறைதான் இப்படி, ஏப்ரலில் வருவது பெரும்பாலும் பரீட்சையிலும் லீவிலும் போய்விடுகிறது. பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் கம்பு நட்டு, பதினொன்றரையிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலை அளக்கப் போகிறார்கள். மேகம் மறைத்தால் மறுநாளும் அளப்பார்கள். பணம் தந்தவர், தராதவர் எல்லோரும் வாருங்கள். குடை மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினரும் முன்னாள் மாணவர்களும்