எங்கட ரோட்டுச் செய்தியை ஆர் வாசிக்கிறது?

மச்சான்,

உன்ட மெயில் கிடைச்சுக் கொஞ்சநாள் ஆயிட்டுது, மகளின்ட சோதினை, வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறது, வேலையில வருஷக்கணக்கு முடிக்கிறது எண்டு ஓடித்திரிஞ்சதில ஆறுதலா இருந்து எழுத ஏலாமப் போச்சு, குறை நினைக்காத. அம்மாவுக்கு இப்ப பரவாயில்ல, சுகர் இறங்கியிருக்கு, பின்னேரத்தில காலி ரோட்டு வரைக்கும் மெல்ல நடந்துபோட்டு வாறா. உன்னைப் பற்றிக் கேட்டவ, எப்ப வாறாய் எண்டும் கேக்கச் சொன்னவ.

நீ எழுதினதில அந்த ரேடியோ விஷயம்தான் எனக்கு மண்டைக்குள்ள நிண்டுட்டுது. டொரொன்டோவில காலமை வேலைக்குப் போகேக்க கனடாவின்ட பொது ரேடியோ சிபிசியில மெட்ரோ மோர்னிங் எண்ட நிகழ்ச்சி கேக்கிறதெண்டும், அதில உங்கட ஸ்காபரோப் பகுதி ரயிலைப் பற்றி, 2023 ஜூலையில பெட்டி தடம் புரண்டதோட அந்த லைனையே ஒரேயடியா மூடிப்போட்டு சனத்தை பஸ்ஸில ஏத்தி விட்டதைப் பற்றி, அந்த பஸ்ஸில போற ஆக்களையே கதைக்கவிட்டுக் கேட்டனீ எண்டும் எழுதியிருந்தாய். நீ அதைச் சாதாரணமா எழுதிப்போட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாய், ஆனா நான் அதிலயே நிண்டுட்டன் மச்சான். அரசாங்கக் காசில நடக்கிற ஒரு ரேடியோ, ஒரு பகுதிச் சனத்தின்ட பஸ் பிரச்சினையை எடுத்து, பொறுப்பானவனைக் கூப்பிட்டு, ஏன் இப்பிடி எண்டு கேக்குது. இங்க எங்களுக்கு அப்பிடி ஒண்டு இருக்கா எண்டு யோசிச்சுப் பாத்தன்.

2025 டிசம்பர் 16 எங்கட இலங்கை வானொலிக்கு 100 வருஷம். 1925ல கொழும்பில தொடங்கினது, பிறகு ரேடியோ சிலோன், 1967 ஜனவரியில இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். இந்தியாவில எல்லாம் கேட்ட ரேடியோ எண்டு நாங்கள் பெருமைப்படுறம், அது உண்மையும்தான், எனக்கும் அந்தப் பெருமை இருக்கு. ஆனா நூறாவது வருஷம் எண்டு எல்லாரும் பழைய அறிவிப்பாளர்மாரையும் பழைய பாட்டு நிகழ்ச்சிகளையும்தான் கதைச்சாங்கள். ஒரு ஊரின்ட பிரச்சினையை இந்த ரேடியோ எப்ப எடுத்துக் கதைச்சது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

ஒரு விஷயம் யோசிச்சுப் பார். நாங்கள் சின்னனா இருக்கேக்க வீட்டில ரேடியோவை எல்லாரும் வாய்மூடிக் கேட்ட நேரம் எது? மரண அறிவித்தல். அம்மம்மா அடுப்பில இருந்து சட்டியை இறக்கிவைச்சிட்டு வந்து நிப்பா. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட எண்டு தொடங்கி, இன்னாரின் அன்பு மகனும் இன்னாரின் பாசமிகு கணவரும் எண்டு போய், எத்தினை மணிக்கு எந்த மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் எண்டு சொல்லி, இத்தகவலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் எண்டு முடியும். ரோட்டும் போனும் இல்லாத சண்டைக் காலத்தில வன்னியில செத்தவற்ற செய்தி கொழும்பில இருக்கிற தம்பிக்கு அப்பிடித்தான் போய்ச் சேந்தது. அளவெட்டி, கரவெட்டி, பாண்டிருப்பு, ஆரையம்பதி எண்டு அந்த ஊர்ப்பேருகளை எல்லாம் ரேடியோவில கேட்டு வளந்தனாங்கள் நாங்கள். அந்த ஊரில ஆள் செத்தா ரேடியோ ஊரின்ட பேரைச் சொல்லும், ஆனா அந்த ஊரில குளம் உடைஞ்சா, ஆஸ்பத்திரியில டொக்டர் இல்லையெண்டா, பிரதேச சபை காசை என்ன செய்ததெண்டா அந்தப் பேர் வராது. எனக்கு இது இப்பதான் உறைக்குது.

இப்ப எங்கட கொழும்பையே எடு. 2025 மே மாசம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது உனக்குத் தெரியும். கொழும்பு மாநகர சபைக்கு 117 உறுப்பினர், ஜூன் மாசம் மேயர் தெரிவு, ரகசிய வாக்கெடுப்பு, 61க்கு 54. அண்டைக்கு முழுநாளும் எல்லா ரேடியோவும் அதுதான், எந்தக் கட்சி எந்தப் பக்கம் தாவும், ஆர் ஆரோட டீல் எண்டு. அடுத்த நாளோட முடிஞ்சுது. இப்ப அந்த 117 பேரும் ஒவ்வொரு மாசமும் கூடி என்ன முடிவெடுக்கிறாங்கள் எண்டு தமிழில சொல்ல ஒரு நிகழ்ச்சியை நான் கேக்கேல்ல. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கமெல்லாம் தமிழ் பேசுற சனம்தானே நெருக்கிக்கொண்டு இருக்குது, மழை பெஞ்சா வீட்டுக்குள்ள வாற தண்ணி அவைக்குத்தானே வருது. என்ட லேன்ல தண்ணி போற கான் அடைச்சு நாத்தம் எண்டு பக்கத்து வீட்டுக்கார அன்ரி ஆரிட்ட சொல்றதெண்டு தெரியாம என்னட்டக் கேட்டா, எங்கட வட்டாரத்து மெம்பர் ஆரெண்டு கேட்டா அவவுக்கும் தெரியாது, அதே லேன்ல இருக்கிற மத்த மூண்டு வீட்டுக்காரருக்கும் தெரியாது. ஆனா அதே அன்ரி ஜனாதிபதி எந்த நாட்டுக்குப் போய் ஆரோட கை குடுத்தவர் எண்டு அச்சொட்டாச் சொல்லுவா, ஏனெண்டா மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரேடியோ சொல்லுது. அவவில பிழை இல்ல.

இன்னொண்டு. இதுக்கு முதல் இருந்த உள்ளூராட்சிச் சபைகளின்ட காலம் 2023 மார்ச்சில முடிஞ்சுது, தேர்தலுக்குக் காசில்ல எண்டு நிப்பாட்டிப்போட்டாங்கள், அது அடிப்படை உரிமை மீறல் எண்டு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில சொல்லிச்சு, பிறகுதான் தேர்தல் வந்தது. இடையில ரெண்டு வருஷத்துக்கு மேல நாடு முழுக்கக் கிட்டத்தட்ட எல்லாச் சபையிலயும் மக்கள் தெரிவு செய்த ஆள் இல்ல, கமிஷனரும் செயலாளரும்தான் நடத்தினவை. மாகாண சபை அதைவிட மோசம், வடக்கில 2018லயும் கிழக்கில 2017லயும் காலம் முடிஞ்சது, இண்டைக்கும் ஆளுநர்தான். தேர்தல் தள்ளிப்போச்சு எண்ட செய்தியை எல்லா ரேடியோவும் திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. அதால ஒரு ஊரில எந்த லைப்ரரி பூட்டிக் கிடந்தது, எந்த ரோட்டு வேலை பாதியில நிண்டுது, வரிக்காசு எங்க போச்சு எண்டு போய்ப் பாத்துச் சொல்ல ஆளில்லாமப் போச்சு. எனக்கு அதுதான் பெரிய செய்தி.

மீதொட்டமுல்ல ஞாபகம் இருக்கா? 2017 ஏப்ரல் 14, புதுவருஷத்தண்டு பின்னேரம் குப்பைமேடு சரிஞ்சு 32 பேர் செத்தது. கொழும்புக் குப்பையைக் கொண்டுபோய் கொலன்னாவையில இருந்த சனத்தின்ட தலைக்கு மேல குவிச்சது. அந்தச் சனம் வருஷக்கணக்கா ரோட்டில இறங்கி, வேண்டாம் எண்டு கத்தினது. அப்ப அது லோக்கல் பிரச்சினை, ஏதோ குப்பை விவகாரம். மேடு சரிஞ்சாப் பிறகுதான் தலைப்புச் செய்தி. யாழ்ப்பாணத்தில சுன்னாகத்துக் கிணறுகளில மின்நிலையத்து எண்ணெய் கலந்த கதையும் இப்பிடித்தான், ஊர்ச்சனம் கத்திக் களைச்சு, கடைசியில கோட்டுக்குப் போய்த்தான் 2019ல உச்ச நீதிமன்றம் அந்த மின்நிலையக் கொம்பனியை நட்டஈடு கட்டச் சொன்னது. செத்தாப் பிறகும் தீர்ப்பு வந்தாப் பிறகும்தான் ஒரு ஊர் செய்தியில வரும் எண்டா எனக்குக் கோபம் வருது மச்சான், உண்மையாவே வருது.

இங்க ஒருக்கா நல்லாச் செய்தவங்கள் எண்டதும் தெரியவேணும். 1981ல மஹவலி சமூக வானொலி எண்டு யுனெஸ்கோவின்ட உதவியோட தொடங்கி, தயாரிப்பாளர்மார் குடியேத்தக் கிராமங்களில போய்ச் சில நாள் தங்கி, அந்தச் சனத்தின்ட குரலையே பதிஞ்சு ஒலிபரப்பினவங்கள். 1989ல கொத்மலை. நீர்த்தேக்கத்துக்காக ஊரை விட்டு எழுப்பின சனத்துக்காக வந்த ஸ்டேஷன் அது, 1999 அளவில இன்டர்நெட் கனெக்ஷன் குடுத்து, விவசாயி ஒரு கேள்வியை எழுதி அனுப்ப, ஸ்டேஷன்காரர் நெட்டில தேடி ரேடியோவில பதில் சொன்னவை, உலகம் முழுக்க அதைப் பற்றி எழுதினவங்கள். ஆனா எல்லாம் கூட்டுத்தாபனத்துக்குக் கீழதான், ஊர்ச்சனத்தின்ட கைக்கு வரேல்ல. இப்பவும் சமூக வானொலிக்கெண்டு தனி லைசன்ஸ் முறை எங்களிட்ட இல்ல. ரஜரட்ட, ருஹுணு, கந்துரட்ட எண்டு சிங்களத்தில பிராந்திய சேவைகள், தமிழுக்கு யாழ் எஃப்எம், பிறை எஃப்எம். பேரில பிராந்தியம் இருக்கு, எனக்கு வேண்டியது அதுக்குள்ள பிராந்தியத்தின்ட செய்தியும் இருக்கிறது.

இதை ஏதோ தயவா கேக்கிற விஷயமா நான் நினைக்கேல்ல. 1995ல கூட்டுத்தாபனம் ஒரு முறைசாராக் கல்வி நிகழ்ச்சியைத் திடீரெண்டு நிப்பாட்ட, அதைக் கேட்டு அதில பங்குபற்றியும் வந்த ஒரு நேயர் கோட்டுக்குப் போனார், 1996ல உச்ச நீதிமன்றம் அவற்ற பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டுட்டுது எண்டு சொல்லிச்சு. ஒரு சாதாரண நேயருக்கு! அடுத்த வருஷம், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அலைவரிசை பொதுச்சொத்து, அதைச் சனத்தின்ட நன்மைக்காகத்தான் பாவிக்கவேணும், கட்டுப்படுத்துற சபை அரசாங்கத்தின்ட கைக்குள்ள இருக்கக்கூடாது எண்டு அதே கோட்டு சொல்லிச்சு. அது வந்து இவ்வளவு காலமாச்சு, இன்னும் அப்பிடி ஒரு சுதந்திரமான சபை இல்ல.

டிட்வா புயல் நேரம் ஊர்ச் செய்தியின்ட பெறுமதி இன்னும் விளங்கிச்சு. 2025 நவம்பர் கடைசியில மலைநாட்டில மண் சரிஞ்சு, நாடு முழுக்க 600க்கு மேல சனம் போச்சு. என்ட மனிசியின்ட ஒண்டுவிட்ட அக்கா நுவரெலியாப் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவ. கரண்ட் இல்ல, போன் சிக்னல் இல்ல, பக்கத்து லயத்தில ஒருத்தரிட்ட பெட்டரி ரேடியோ இருந்திருக்கு, எல்லாரும் அதைச் சுத்தி இருந்திருக்கினம். ரேடியோவில மொத்தம் எத்தினை பேர் செத்தது, எந்த நாடு எவ்வளவு உதவி எண்டு வருது. அவைக்குத் தெரியவேண்டியது ஒண்டே ஒண்டு, தங்களுக்கு மேல இருக்கிற மலை சரியுமா, இரவு அங்கயே இருக்கலாமா, இல்ல கோயிலுக்குப் போகவேணுமா, கீழ ரோட்டு திறந்திருக்கா. அதை ஒருத்தரும் சொல்லேல்ல. கடைசியில தோட்டத்துப் பெடியள் மழைக்குள்ள நடந்துபோய்ப் பாத்துட்டு வந்துதான் சொன்னவங்கள். இதை அவ எனக்குச் சொல்லேக்க குரல் நடுங்கிச்சு.

அதுக்கு முதல் மாசம்தான் அலாஸ்காவில புயல் அடிச்சது, அங்க பெத்தெல் எண்ட ஊரில கேஒய்யூகே எண்டு ஒரு சின்னப் பொது ரேடியோ, ஆங்கிலத்திலயும் யூப்பிக் எண்ட அந்தச் சனத்தின்ட சொந்த மொழியிலயும் செய்தி சொல்லுறது, புயல் நேரமும் அப்பிடித்தான் சொன்னது. அமெரிக்கப் பாராளுமன்றம் ஜூலையில பொது ஒலிபரப்புக்கான 1.1 பில்லியன் டொலரை வெட்டினதில பெரிய அடி வாங்கினது இப்பிடியான சின்ன ஸ்டேஷன்கள்தான். அவங்களும் 1967லதான் பொது ஒலிபரப்புச் சட்டம் போட்டவங்கள், எங்கட கூட்டுத்தாபனம் வந்த அதே வருஷம். நீ எழுதினியே, கனடாவிலயும் சிபிசிக்குக் காசை நிப்பாட்டவேணும் எண்டு ஒரு கூட்டம் கத்துது எண்டு. நிப்பாட்ட விடாதேங்கோ. பெரிய நியூஸை ஆரும் சொல்லுவான், அதுக்கு விளம்பரம் வரும். கானுக்கும் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விளம்பரம் வராது, அதைச் சொல்லப் பொதுக்காசு வேணும்.

நாங்கள் இங்க சும்மா இருக்கேல்ல. கொட்டாஞ்சேனையில இருக்கிற ரெண்டு மூண்டு ஆசிரியர்மாரும் பள்ளிக்கூட நண்பர்மாரும் சேந்து, கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் மாநகர சபை அலுவல்களைத் தமிழில கதைக்க ஒரு நேரம் தாங்கோ எண்டு கூட்டுத்தாபனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறம். கூட்ட அறிக்கைகளைத் தகவலறியும் சட்டத்தில கேட்டு எடுக்கலாம், 2016லயே சட்டம் வந்துட்டுது, அதுக்கு விண்ணப்பம் நானே போடுறன் எண்டு சொல்லியிருக்கிறன். மெம்பரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு, நேயரை போனில எடுக்கவேணும். சிங்களத்தில செய்யிறவையும் சேந்தா இன்னும் நல்லம், கான் அடைச்சா ரெண்டு பேரின்ட வீட்டுக்கும்தான் தண்ணி வரும்.

உன்னட்ட ஒரு உதவி. அந்தக் காலமை நிகழ்ச்சியில ஸ்காபரோ விஷயம் போன நாளின்ட ஒலிப்பதிவு எடுக்கலாமெண்டா லிங்கை அனுப்பு, எப்பிடிக் கேள்வி கேக்கிறாங்கள், அதிகாரி நழுவேக்க எப்பிடித் திருப்பிப் பிடிக்கிறாங்கள் எண்டு இவங்களுக்குப் போட்டுக் காட்டவேணும். சித்திரைக்கு வாறதெண்டா முதலே சொல்லு, அம்மா மாசிக் கருவாடு வாங்கிவைக்கவேணும் எண்டு நிக்கிறா. வீட்டில எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

அன்போட,
உன்ட வெள்ளவத்தைக் கூட்டாளி