மண்டை ஓடும் அறுபதாம் கல்யாணமும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். விஷயம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பற்றியது. அங்கேயே எழுதினால் உன் அத்தை படித்துவிடுவாள். கையால் எழுதுவதால் எமோஜிகளை வரைய எனக்கு வராது, பேர் சொல்லியே எழுதுகிறேன்.

அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்காகச் சித்தப்பா மீசைக்கு டை அடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துப் போட்டானே, அதற்குக் கீழே நீ இரண்டு மண்டை ஓடும் ஒரு கதறி அழும் முகமும் போட்டிருந்தாய். மறுநாள் காலை ஆறரைக்கே அத்தை போன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, மணையில உட்காரப் போற தம்பி படத்துக்குக் கீழ மண்டை ஓட்டைப் போட்டிருக்கா உன் மக. ஒரு வார்த்தை சொல்லி வளர்த்திருக்கக் கூடாதா?"

சித்தப்பா மகன்தான் வந்து விளக்கினான். "பெரியப்பா, அக்கா சிரிச்சே செத்துட்டேன்னு சொல்லுது. அந்த அழுகையும் அழுகை இல்லை, சிரிப்பு தாங்கலைன்னு அர்த்தம்." அப்படியென்றால் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகம் இருக்கிறதே, 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள், அதைப் போட்டால் என்ன என்று கேட்டேன். "அது பெருசுங்க போடுறது" என்றான். சரி.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தையையும் குறை சொல்ல மாட்டேன். அவள் வயதுக்காரர்களுக்கு மண்டை ஓடு பக்கத்தில் அழுகை என்றால் இழவுச் செய்தி, வேறெதுவும் தோன்றாது.

நான் தந்தி ஆபீஸில் இருந்தவன், இது எனக்குப் புதிதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வாழ்த்துத் தந்திக்கு எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. கவுண்டருக்கு வருகிறவர் 1 என்றால் தீபாவளி வாழ்த்து, 8 என்றால் நீடூழி மகிழ்ச்சியான இல்லற வாழ்வுக்கு வாழ்த்து. எண்ணை மட்டும்தான் அனுப்புவோம், போய்ச் சேருகிற ஊரில் முழு வாசகமாக்கிப் பூப்போட்ட தாளில் கொடுப்பார்கள். முகூர்த்த நாட்களில் எட்டு எட்டாகவே போகும். திருநெல்வேலியில் அனுப்பிய எட்டும் தில்லியில் வாங்கிய எட்டும் ஒரே எட்டு. 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள், பட்டியலும் அதோடு போயிற்று.

உங்கள் படங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. 1999இல் ஜப்பானில் டோகோமோ என்ற செல்போன் கம்பெனிக்காக ஷிகேடாகா குரிட்டா என்பவர் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகளில் 176 படங்கள் செய்தார். இப்போது மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும், கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடுக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டை, மூன்றைச் சேர்த்துப் போட்டால் என்ன பொருள் என்பதை யாரும் வைக்கவில்லை. போடுகிறவர்கள் வைத்ததுதான் பொருள், அதுவும் அந்தந்த வயதுக்காரர்களுக்குள்ளே.

சித்தப்பா மகனை உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கெஞ்சும் கண்ணுள்ள முகம், பிறகு இரண்டு சுட்டுவிரல் ஒன்றையொன்று பார்த்தபடி: வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்றைக் கேட்பது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கண், வாய், இன்னொரு கண் என்று வரிசையாக வைத்தால் வாயடைத்துப்போய் வேடிக்கை பார்ப்பது. அதைப் பார்த்தால் எனக்குத் திருஷ்டிப் பூசணிக்காய்தான் ஞாபகம் வருகிறது. சிவப்புக் கொடி மூன்று நான்கு சேர்ந்தால் 'இந்த ஆள் சரியில்லை, விலகிக்கொள்'. நீலத் தொப்பி என்றால் பொய், புளுகு. லேசாகச் சிரிக்கும் அந்தச் சாதாரண முகம்கூட உங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு இல்லையாம், பல்லைக் கடித்துக்கொண்டு 'ரொம்ப சந்தோஷம்' என்பதாம். உன் மாமாவுக்கு ஐந்து வருஷமாக அதைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போகட்டும், அவருக்கும் தெரியாது.

கத்திரிக்காயைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். உன் அம்மா எண்ணெய்க் கத்திரிக்காய் செய்த அன்று, கழுவி வைத்திருக்கிறேன் என்று சொல்லத்தான், கத்திரிக்காயும் நீர்த்துளியும் குழுவில் போட்டாள். அப்போது நீ ஏன் பதிலே போடவில்லை என்று இப்போது தெரிகிறது. 2015இல் இன்ஸ்டாகிராம் அந்தக் கத்திரிக்காயைத் தேடவே முடியாமல் பூட்டி வைத்ததாம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. காய்கறி விஷயத்தில் அவள் நிம்மதியாக இருக்கட்டும்.

இன்னொன்று கேள், இது எனக்கே ஆச்சரியம். சில படங்களை இயந்திரமே சேர்க்கிறது. ஒரு பெண், ஒரு ராக்கெட், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுக்குறி. திரையில் விண்வெளி வீராங்கனை வந்துவிடுகிறாள். இதயமும் நெருப்பும் ஒட்டினால் எரியும் இதயம். அந்தச் சேர்க்கையை அறியாத பழைய போனில் அது இதயம் தனி, நெருப்பு தனி என்று பிரிந்து நிற்கும். அம்மாவின் போனில் அப்படித்தான் வந்தது, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பதறிவிட்டாள். நம் 'கி'கூடக் கம்ப்யூட்டருக்குள் ககரம் ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டு குறிதான், சேர்ந்து ஓர் எழுத்தாகத் தெரிகிறது. அதில் சந்தேகமே வராது. ககரமும் கொக்கியும் சேர்ந்தால் உனக்கும் 'கி', எனக்கும் 'கி'. மண்டை ஓடும் அழுகையும் அப்படிச் சேர்வதில்லையே.

நீ இருக்கிற கனடாவிலேயே கட்டைவிரல் ஒன்று கோர்ட்டு வரை போயிருக்கிறது, தெரியுமா? சஸ்காச்செவன் மாகாணத்தில் ஒரு தானியக் கம்பெனி 2021இல் ஒரு விவசாயிக்கு, அவரிடம் ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்திப் பதில் போட்டார். விதை கொடுக்கவில்லை, விலையும் ஏறிவிட்டது. 'கிடைத்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் என்று சொல்லவில்லை' என்றார். 2023இல் நீதிபதி அதைக் கையெழுத்துக்குச் சமமாகவே எடுத்துக்கொண்டு 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னார். அப்பீலிலும் அதுவே நின்றது. நம் பக்கம் வேறு மாதிரி. வாட்ஸ்அப் குழுவில் சிரித்துக் கண்ணீர் விடும் முகத்தைப் போட்டதற்கு ஒரு போலீஸ் வழக்கு. 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது, அது ஒருவர் தன் எண்ணத்தைக் காட்டுவதுதான் என்று. இரண்டு தீர்ப்பிலும் எனக்கு உடன்பாடுதான். முதலாவதில் பணம் கைமாறுகிற விஷயம், அங்கே வாயைத் திறந்து பேச வேண்டும்.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி குறித்திருக்கிறது என்று நான் போட்டதற்கு நீ ஒரு கட்டைவிரலும் ஒரு இதயமும் அனுப்பினாய். நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருந்திருப்பாய், எனக்குத் தெரியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போனை மூன்று தரம் எடுத்துப் பார்த்தாள். கடைக்காரர், பேங்க்காரர், குழுவில் முந்நூறு பேர், யாருக்கு வேண்டுமானாலும் கட்டைவிரல் போடு. இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் நாலு வரி எழுது, தங்கிலீஷ் ஆனாலும் பரவாயில்லை. அத்தைக்கும் ஒரு போன் போட்டுவிடு, "சிரிப்புக்குத்தான் போட்டேன் அத்தை" என்றால் போதும்.

அம்மா மட்டும் ஏன் படமாகவே அனுப்புகிறாள் என்று கேட்காதே. தமிழ்க் கீபோர்டில் அவளுக்குப் பொறுமை இல்லை, வாய்ஸ் மெசேஜ் என்றால் கூச்சம். 2019இல் ஆட்டோ, கோயில், அகல் விளக்கு, புடவை நான்கும் ஒன்றாக வந்து சேர்ந்தபின் அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆட்டோ, கோயில், விளக்கு, கூப்பிய கை என்றால் நெல்லையப்பர் கோயிலுக்கு ஆட்டோவில் போய் உனக்காக விளக்குப் போட்டுவிட்டு வந்தாள் என்று அர்த்தம். கோயிலுக்கு முன்னால் குடை வந்தால் நனைந்துவிட்டாள். ஆட்டோவுக்குப் பின்னால் சிவந்த முகம் வந்தால் கூடக் காசு கேட்டான். இலக்கணம் அவ்வளவுதான்.

நேற்று வந்த நான்கு படத்துக்கு என்னிடம் அர்த்தம் கேட்டாய். புடவை, கத்தரிக்கோல், அழுகை மூன்றும் எனக்குத் தெரியும்: சித்தப்பா விசேஷத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை டெய்லர் கெடுத்துவிட்டான். கடைசியில் ஏன் நண்டு என்று எனக்கும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளிடமே போன் போட்டுக் கேள். இங்கே இரவு எட்டு என்றால் உனக்குக் காலை பத்தரை, நான் கோயிலுக்குப் போயிருப்பேன், நீங்கள் இரண்டு பேரும் சாவகாசமாகப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா