கன அடியும் டிஎம்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரியில் தண்ணீர் வரத் தொடங்கினால் "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 20,000 கன அடி" என்று முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. ஒரு நாளைக்கா, ஒரு மணிக்கா, விநாடிக்கா என்று சொல்வதில்லை. பாசனத்தோடு புழங்குகிறவர்களுக்கு அது விநாடிக்கு என்று தெரியும். மற்றவர்களோ அதே செய்தியின் அடுத்த வரியில் உள்ள டிஎம்சி கணக்கோடு அதை ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள்.

டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. அது இருப்பு. விநாடிக்கு இத்தனை கன அடி என்பது இருப்பு மாறும் வேகம், பிளஸ் 1 பாடத்தில் வகைக்கெழு என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் முழு நாளும் வந்தால் ஒரு டிஎம்சி சேரும். இந்த ஓர் எண்ணைச் செய்தி அறையில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"நீர்வரத்து சரிந்தது" என்ற தலைப்பும் அப்படித்தான். 30,000-லிருந்து 20,000 ஆகக் குறைந்த அன்று திறப்பு 12,000 என்றால், விநாடிக்கு 8,000 கன அடி அணையில் தங்குகிறது. ஆவியாவதை விட்டுவிட்டால் ஒரு நாளில் 0.69 டிஎம்சி கூடும். அதாவது வரத்து சரிந்த அன்றும் அணை ஏறுகிறது. திறப்பைவிட வரத்து குறைந்தால்தான் இறங்கும். விலைவாசிச் செய்தியிலும் இதே சறுக்கல் உண்டு. பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தால் விலை குறைந்தது என்று எழுதிவிடுகிறார்கள். முதல் ஆண்டு 100 ரூபாய்ப் பொருள் 108 ஆனது, மறு ஆண்டு 112.32 ஆனது. ஏறும் வேகம்தான் குறைந்தது.

இன்னொன்று. காலை 8 மணி அளவை அப்படியே 24 மணி நேரத்துக்கும் பெருக்கக் கூடாது. காலையில் 20,000 ஆக இருந்த வரத்து மறுநாள் காலைக்குள் சீராக ஏறி 40,000 ஆனால், வந்து சேர்ந்தது 1.73 டிஎம்சி அல்ல, 2.59. நேரத்தைக் கிடை அச்சிலும் வரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வந்த தண்ணீர். தொகையிடல் என்று மாணவர்கள் பயப்படும் பாடம் இவ்வளவுதான்.

நீர்மட்டம் வேறு கதை. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. மட்டம் 100 அடி என்றால் ஆறில் ஐந்து பங்கு, 83 சதவீதம் நிரம்பிவிட்டது என்று கணக்குப் போடத் தோன்றும். உண்மையில் அப்போது இருப்பு சுமார் 65 டிஎம்சி, 70 சதவீதம்கூட இல்லை. நீர்த்தேக்கம் கீழே குறுகி மேலே விரிந்திருக்கிறது. அதனால் அடிமட்டத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பிடிக்கும் தண்ணீரைவிட உச்சியில் ஓர் அடிக்குப் பிடிப்பது பல மடங்கு. இருப்பு, மட்டத்தின் சார்பு, அதாவது மட்டத்தைப் பொறுத்து மாறுவது. ஆனால் நேரியல் சார்பு அல்ல, ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவு கூடுவதில்லை. அடியை வைத்துச் சதவீதம் போடாதீர்கள்.

சதவீதம் என்றதும் ஜிஎஸ்டி நினைவுக்கு வருகிறது. (சதவீதமா, சதவிகிதமா, விழுக்காடா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.) 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான வரி 28-லிருந்து 18 ஆனது. இதை "10 சதவீதம் குறைவு" என்று எழுதினால் மூன்று வெவ்வேறு எண்கள் ஒன்றாகிவிடுகின்றன. வரி விகிதம் குறைந்தது 10 சதவீதப் புள்ளி. வரித்தொகை குறைந்தது 35.7 சதவீதம். வாங்குபவர் கொடுக்கும் விலை குறைவது 7.8 சதவீதம். அடிப்படை விலை 40,000 ரூபாய் என்று வையுங்கள்: முன்பு 51,200, இப்போது 47,200. செய்தியை நம்பி 51,200-இல் பத்து சதவீதம் கழித்தவர் 46,080 ரூபாயோடு கடைக்குப் போவார். 1,120 ரூபாய்க்குக் கடைக்காரரோடு தகராறு. நெய்க்கு 12-லிருந்து 5 ஆனபோதும் விலை குறைய வேண்டியது 7 அல்ல, 6.25 சதவீதம்.

மடங்கு விஷயத்தில் தமிழே வழி வைத்திருக்கிறது. "இரு மடங்காக உயர்ந்தது" என்றால் 100, 200 ஆனது, ஐயமே இல்லை. "இரு மடங்கு உயர்ந்தது" என்றால் 200 என்று ஒருவர் படிப்பார், 300 என்று இன்னொருவர் படிப்பார். ஒரு "ஆக" செய்யும் வேலை இது. "மூன்று மடங்கு குறைந்தது" என்பதற்கோ பொருளே இல்லை. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்று எழுதலாம்.

சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்தில் ஒன்பது பேருக்கு மாதம் 15,000, ஒருவருக்கு 3,65,000. சராசரிச் சம்பளம் 50,000. அந்தச் சம்பளம் வாங்குகிறவர் அங்கே ஒருவர்கூட இல்லை. ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் இடைநிலை அளவு 15,000. மொத்தத் தேவை வேண்டும்போது, அதாவது ஊருக்கு எத்தனை மூட்டை அரிசி என்பது போன்ற கணக்குக்கு, சராசரிதான் சரி. வருமானம், வீட்டு வாடகை போன்றவற்றுக்கு இடைநிலை அளவைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். செருப்புக் கடைக்காரருக்கு இரண்டும் வேண்டாம். எந்த அளவு அதிகம் விற்கிறது என்ற முகடு போதும்.

கடைசியாக 1729. டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள் வந்தால் "இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுத முடிகிற ஒரே எண்" என்ற வரி எங்காவது வந்துவிடுகிறது. ஒரே எண் அல்ல: 4104-ஐ 2, 16 ஆகியவற்றின் கனங்களாகவும் 9, 15 ஆகியவற்றின் கனங்களாகவும் பிரிக்கலாம். "மிகச் சிறிய எண்" என்று மாற்றினாலும் போதாது. குறை எண்களை அனுமதித்தால் 91 முந்திக்கொள்ளும்: 3-இன் கனமான 27-உடன் 4-இன் கனமான 64-ஐக் கூட்டினாலும் 91, 6-இன் கனமான 216-உடன் -5-இன் கனமான -125-ஐக் கூட்டினாலும் (அதாவது 125-ஐக் கழித்தாலும்) 91. "மிகை முழுக்களின் கனங்கள்" என்ற சொற்களையும் சேர்த்தால்தான் கூற்று சரியாகும். இவ்வாண்டுப் பெட்டிச் செய்தி ஏற்கெனவே தயாராகியிருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்,
சேலம் மாவட்டம்