மூத்த தாய்மாரின் மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உடன் நின்றோருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அரச வைத்திய சேவையிலிருந்து ஓய்வுபெறும் இவ்வேளையில், எழுபது வயதை எட்டிய, கடந்த பெண்களின் மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையை என் முதன்மைப் பணியாகக் கொள்வதற்குத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடல் வழியே நன்றி கூறுகிறேன். “இந்த வயதில் இனி என்ன வைத்தியம்?” என்று வீட்டார் சிகிச்சையையே விட்டுவிடுவதும், இளவயதினருக்குரிய மருந்தை அப்படியே ஏற்றி உடல் தாங்காமற் போவதும் இத்துறையில் எப்போதும் உள்ள இரு ஆபத்துகள். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு தாய்க்கும் உரிய வழியைக் காண்பது ஒரு வைத்தியர் தனித்துச் செய்யக்கூடிய காரியமன்று.

முதல் நன்றி கிளினிக் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் உரியது. மூதாட்டி ஒருவர் கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து அமர எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதைப் பார்ப்பது ஓர் எளிய சோதனை. ஆனால் நோயாளர் நிரம்பி வழியும் காலை வேளையில் அதைப் பொறுமையோடு செய்து கொப்பியில் குறித்துவைக்க மனம் வேண்டும். அவர்கள் அதைச் செய்தார்கள். அண்மையில் விழுந்தாரா, காது கேட்கிறதா, குளிசையைத் தானே எடுத்துப் போடுகிறாரா, கோயிலுக்கோ அயல்வீட்டுக்கோ போவதை நிறுத்திவிட்டாரா என்று கேட்டறிந்தார்கள். ஸ்கான் படம் கட்டியின் அளவைச் சொல்லும். அந்த உடல் எதைத் தாங்கும் என்பதை இந்த விடைகளே சொல்லும். சலரோகத்துக்கும் பிரஷருக்கும் வெவ்வேறு இடங்களில் வாங்கிய குளிசைகளை ஒரே பையில் கொண்டுவந்த தாய்மாருக்கு, அவற்றை மேசையில் பரப்பி, ஒரே மருந்து இருமுறை சேர்ந்திருந்ததைக் கண்டுபிடித்துத் தந்தவர்களும் அவர்களே.

அந்தக் கேள்விகளை ஒழுங்குபடுத்தி, அறுபத்தைந்து வயதைக் கடந்தவருக்குக் கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் பாதிப்பு எந்த அளவுக்கு நேரலாம் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையை 2011இல் வெளியிட்ட ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் ஆர்த்தி ஹுரியா. 2018இல் அவர் காலமானபோது, அவரை ஒருமுறையேனும் நேரிற் காணாத நான், என் ஆசிரியர் ஒருவரை இழந்ததாகவே வருந்தினேன்.

அவரைப் போலவே, முகமறியாத இன்னும் பலருக்கு நான் கடமைப்பட்டுள்ளேன். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அங்கு மார்புப் புற்றுநோய்க்கு உள்ளாவோரில் 49 வீதமானோர் அறுபத்தைந்து வயதை எட்டியவர்களாயிருந்தும், மருந்துப் பரிசோதனைகளிற் சேர்க்கப்பட்டோரில் அவர்கள் 9 வீதமே என்று காட்டியது. மூத்தவர்களைப் போதியளவு சேர்க்காமலே மூத்தவர்களுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தோம் என்பதே அதன் பொருள். அந்த நிலை மெல்ல மாறக் காரணம், தங்கள் முதுமையில் ஆய்வுக்கு முன்வந்த பெண்கள். எழுபது வயதை எட்டிய 636 பெண்கள் பங்கேற்று 2004இல் முடிவுகள் வெளியான ஆய்வொன்று, ஹோர்மோனின் தூண்டலால் வளரும் சிறிய கட்டியை அகற்றியபின், அந்தத் தூண்டலைத் தடுக்கும் தமொக்சிபென் குளிசையை எடுப்பவருக்குக் கதிர்ச் சிகிச்சையைத் தவிர்த்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று காட்டியது. பத்தாண்டு முடிவில், கதிர்ச் சிகிச்சை பெற்றோரில் 98 வீதமானோருக்கும் பெறாதோரில் 90 வீதமானோருக்கும் அவ்விடத்தில் நோய் திரும்பவில்லை. கதிர்ச் சிகிச்சைக்கென நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பின் பஸ் பிடித்துத் திரும்பத் திரும்ப வரவேண்டிய ஓர் ஆச்சிக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். அவருக்கு இரு வழிகளையும் விளக்கி, அவரையே தெரிவுசெய்யச் சொல்ல முடிந்ததற்கு அந்த 636 பெண்களுக்கு நன்றி. அதேவேளை, 2009இல் வெளியான இன்னோர் ஆய்வு, கீமோ தேவைப்படும் மூத்த பெண்களுக்கு இலகுவானதென்று கருதப்பட்ட குளிசையைவிட வழமையான கீமோவே பலன் தருவதைக் காட்டியது. வயதைக் காரணம் காட்டி நல்ல மருந்தைக் குறைக்கலாகாது என்பதை நான் அதிலிருந்தே உறுதியாகப் பற்றிக்கொண்டேன்.

கனடாவிலும் இலண்டனிலும் பிரான்சிலும் இருந்து நள்ளிரவில் தொலைபேசியிற் பேசிய பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி. “அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ டொக்டர், தாங்கமாட்டா” என்றே உங்களிற் பலர் தொடங்கினீர்கள். அது அன்பினால் வந்த சொல் என்பதை நான் ஒருபோதும் ஐயுற்றதில்லை. ஆயினும், இடப்பெயர்வையும் இழப்புகளையும் கண்டு எழுந்த அந்தத் தாய்மார் தங்கள் உடலைப் பற்றிய செய்தியையும் தாங்குவார்கள் என்று நான் சொன்னபோது, தயங்கித் தயங்கியேனும் இணங்கினீர்கள். தொலைவிலிருந்து அப்படி இணங்குவது எளிதன்று.

ஊர்களில் வீடு வீடாகச் சென்று, கூச்சத்தால் கட்டியை மறைத்திருந்த தாய்மாரை ஆறுதலாகப் பேசி அனுப்பிவைத்த குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், காசு வாங்க மறுத்த ஓட்டோ ஓட்டுநர்களுக்கும் என் வணக்கம். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்காக 2011இல் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை நடந்தவர்களையும், அவர்களுக்குப் பொருள் தந்த எல்லா இனத்தவரையும் நன்றியோடு நினைக்கிறேன். கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலையையே நம்பியிருந்த காலத்தை, அதிலும் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபின் கப்பலையும் விமானத்தையும் பார்த்திருந்த நாட்களை அனுபவித்தவருக்கே அந்த நடையின் அருமை முழுதாக விளங்கும்.

நிறைவாக, என்னிடம் சிகிச்சை பெற்ற ஆச்சிமாருக்கு. “பிள்ளை, எத்தனை வருசம் இருப்பன் எண்டு கேக்கேல்லை, என்ரை அலுவலை நானே பாப்பனோ எண்டு சொல்லு” என்று உங்களில் ஒருவர் கேட்டபின், சிகிச்சையைத் திட்டமிடும்போதெல்லாம் அக்கேள்வியையே முதலில் கேட்கப் பழகினேன். உங்கள் கொப்பிகள் யாவும் அடுத்து வரும் வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. தமொக்சிபெனோ, ஹோர்மோனைக் குறைக்கும் மற்றக் குளிசையான லெட்ரசோலோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம். லெட்ரசோல் எடுப்பவர்கள் எலும்பின் பலத்தைப் பரிசோதிக்கும் திகதியையும், தமொக்சிபென் எடுப்பவர்கள் காலில் வீக்கமோ மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கோ கண்டால் உடனே தெரிவிப்பதையும் தவறவிடவேண்டாம். புதிய வைத்தியரிடமும் என்னிடம் பேசியதுபோலவே மனம் திறந்து பேசுங்கள்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் வைத்தியர்,
யாழ்ப்பாணம்