வசீகரமும் சொக்குப்பொடியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மீண்டும் மொழிபெயர்ப்பில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதியாயிற்று. இங்கு எல்லோரும் நலம். ஓய்வுபெற்ற பிறகு என் பொழுதெல்லாம் அகராதிகளோடுதான் கழிகிறது என்பதால், 'சார்ம்' (charm) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்டது எனக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்ததுபோல் ஆயிற்று.

அச்சொல்லுக்கு 'அழகு' என்று எழுதிப் பார்த்தும் மனம் ஒப்பவில்லை என்கிறீர்கள். ஒப்பாததே சரி. பார்க்கச் சுமாரான ஒருவரிடம் சார்ம் நிறைந்திருக்கும். பேரழகு வாய்ந்தவரிடம் அது மருந்துக்கும் இல்லாமற்போகும். லத்தீனில் பாட்டையும் மந்திரத்தையும் குறித்த 'கார்மென்' என்ற சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ம் ஆயிற்று. தொடக்கத்தில் மந்திர உச்சாடனத்தையும், பின்னர் தாயத்தையும் குறித்த அது, மனிதரின் ஈர்க்கும் இயல்பைக் குறிக்கத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். பாம்பாட்டியை 'ஸ்னேக் சார்மர்' என்பதில் அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. நம் வசீகரமும் வசியமும் ஒரே வேரில் பிறந்தவை ஆகையால், என் ஓட்டு வசீகரத்துக்கே.

'அட்ராக்டிவ்' இவ்வளவு ஆழமானதன்று; சம்பளத்துக்கும் வட்டி விகிதத்துக்கும்கூட அதைச் சொல்லலாம், அங்கே சார்மிங் என்றால் சிரிப்பார்கள். 'கிளாமர்' தனிக்கதை. இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்ற சொல்லே, கல்வியை மாய வித்தையாக எண்ணிய காலத்தில் ஸ்காட்லாந்து மக்களின் வாயில் திரிந்து கிளாமர் ஆயிற்று. அதைப் பரவச் செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். இலக்கண ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்!

நீங்கள் எடுத்தெழுதி அனுப்பிய இரண்டு இடங்களுக்கு வருகிறேன். நீங்கள் மொழிபெயர்க்கும் நாவலில் வரும் வழக்கறிஞரை மகளும் சார்மிங் என்கிறாள், தாயும் சார்மிங் என்கிறாள். மகள் சொல்லுமிடத்தில் 'வசீகரமானவர்' என்பதே போதும். தாயோ, 'நினைத்தால் மிகவும் சார்மிங்காக இருக்கக்கூடியவர்' என்கிறாள். அந்த 'நினைத்தால்' வந்தவுடன் புகழ்ச்சிக்குள் சந்தேகம் நுழைந்துவிடுகிறது. அங்கே 'பேசியே சொக்குப்பொடி போட்டுவிடுவார்' என்று எழுதிப் பாருங்கள். ஒருவர் கடுஞ்சொல் வீசியதும் எதிரிலிருப்பவர் தனிச்சொல்லாக 'சார்மிங்!' என்றால் அது கிண்டல், 'ரொம்ப லட்சணம்!' என்று நாம் சொல்வதற்கு ஈடானது. வீட்டு விளம்பரத்தில் வந்தாலோ, வீடு சிறியது, பழையது என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

பின்னிணைப்பில் வரும் 'சார்ம் குவார்க்' மட்டும் இந்தக் கணக்கில் சேராது; அது அணுவினும் நுண்ணிய ஒரு துகளின் பெயர். இயற்பியலாளர்கள் பியோர்கனும் கிளாஷோவும் 1964இல் சூட்டிய பெயர் அது. 1974இல்தான் அத்துகளுக்குச் சோதனைச் சான்று கிடைத்தது. பெயரை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுங்கள்.

வழக்கறிஞர் வரும் அத்தியாயத்தின் வரைவு முடிந்ததும் அனுப்பி வையுங்கள். தாயின் பேச்சை நீங்கள் எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை மறக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்