செயலாளர் ஆண்டறிக்கை: கார்டில் எழுதும் எண்

தலைவர், செயற்குழுவினர், கோல்ஃப் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரப் போட்டிகளும் நாக்-அவுட் ஆட்டங்களும் அட்டவணைப்படி நடந்து முடிந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். செயற்குழுவுக்கு வந்த முறையீடுகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், இந்த அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே. ஸ்கோர்கார்டில் எழுதும் எண் உண்மையில் ஆடிய ஆட்டத்தின் எண்தானா என்பதே அந்தக் கேள்வி.

கோல்ஃபில் ஒவ்வொரு குழுவோடும் நடுவர் நடப்பதில்லை. விதி 1.3-ன்படி தன் தவறைத் தானே கண்டு, தன் மேல் தானே பெனால்டி போட்டுக்கொள்வது ஆட்டக்காரரின் கடமை. முறையீடுகளை ஆராய்ந்தபோது மூன்று வகை தெரிந்தது: விதி தெரியாமல் நடந்தவை, குழுவுக்குள் பேசி வளைத்தவை, தெரிந்தே செய்தவை. மூன்றாவது வகை குறைவு. ஆனால் முதல் இரண்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் மூன்றாவதற்கு மறைவிடம் கிடைத்துவிடும். ஆகவே மூன்றையும் பேச வேண்டியிருக்கிறது.

அதிகச் சண்டை தொலைந்த பந்தால்தான் வருகிறது. தேடும் நேரம் 3 நிமிடம். 2019 வரை 5 நிமிடமாக இருந்தது, பலர் மனதில் இன்னும் அதுவே நிற்கிறது. ஆட்டக்காரரோ அவருடைய கேடியோ (மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர்) தேடத் தொடங்கிய நொடியிலிருந்து கணக்கு ஓடும். 3 நிமிடம் கடந்து கிடைக்கும் பந்து தொலைந்த பந்துதான். அதை ஆடினால் தவறான பந்து ஆடியதாகும்: 2 ஸ்ட்ரோக் பெனால்டி (எண்ணிக்கையில் இரண்டு அடி கூடும்), அதோடு அடுத்த ஹோலில் டீ ஷாட் (தொடக்க இடமான டீயிலிருந்து முதல் அடி) அடிக்கும் முன் சரிசெய்யாவிட்டால் தகுதி நீக்கம். எனவே தேடத் தொடங்கும்போதே மார்க்கர் (ஆட்டக்காரரின் ஸ்கோரைக் கார்டில் எழுதுபவர்) கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் பின்னால் தகராறுக்கு இடமில்லை.

பந்து காட்டுக்குள் போயிருக்கலாம் என்ற ஐயம் வந்தால், முன்னே நடக்கும் முன் “புரொவிஷனல் அடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, முதல் பந்து கிடைக்காவிட்டால் மட்டும் கணக்கில் வரும் இன்னொரு பந்தை அடிக்க வேண்டும். “இன்னொன்று அடித்துப் பார்க்கிறேன்” என்பது போதாது. புரொவிஷனல் என்பது தெளிவாகத் தெரியாவிட்டால், இரண்டாவது பந்தே ஆட்டத்திலுள்ள பந்து ஆகிவிடும். முதல் பந்து ஃபேர்வே (சீராக வெட்டிய புல்வழி) நடுவில் கிடந்தாலும் அது இனி ஆட்டத்தில் இல்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு பந்து புல்லில் விழுந்து, “இதோ கிடைத்துவிட்டது” என்று குரல் எழுகிறதே, அது ஏன் நடக்கிறது? புரொவிஷனல் அடிக்காமல் 200 மீட்டர் நடந்து வந்தவர் திரும்பிப் போக வேண்டும்; பின்னால் அடுத்த குழு டீயில் நிற்கிறது. அந்த வெட்கம்தான் பலரைத் தவறு செய்யத் தள்ளுகிறது. இதற்கு விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. மாதிரி உள்ளூர் விதி E-5-ஐப் போட்டியை நடத்தும் கமிட்டி ஏற்றால், ஆட்டக்காரர் திரும்பிப் போகாமல், பந்து தொலைந்ததாகக் கணிக்கும் இடத்துக்கும் அதற்கு நேரான ஃபேர்வே ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், ஃபேர்வேக்குள் இரண்டு மட்டை நீளம் வரை, குழிக்கு அருகே போகாமல் 2 ஸ்ட்ரோக் பெனால்டியோடு பந்தை டிராப் செய்யலாம் (கையிலிருந்து விழவிட்டு ஆடலாம்). டீ ஷாட் தொலைந்தால் அடுத்தது 4-வது ஷாட். புரொவிஷனல் அடித்தவருக்கு இந்த வழி கிடையாது. மாதாந்திர ஆட்டங்களுக்கு மட்டும் இதை ஏற்கலாம், சாம்பியன்ஷிப்புக்கு வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து. தவறு செய்யும் தூண்டுதலையே எடுத்துவிடுவது காவல் போடுவதைவிடப் பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பந்து கிடக்கும் நிலையைத் திருத்துவது அடுத்தது. மட்டையை அதன் எடை அளவுக்கு மெதுவாகத் தரையில் வைப்பது சரி. பந்துக்குப் பின்னால் புல்லை மட்டையால் அமுக்குவதும், ஸ்விங்குக்கு இடைஞ்சலான கிளையை ஒடிப்பதும் விதி 8.1-ஐ மீறுவதாகும், ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டமுறை) 2 ஸ்ட்ரோக் பெனால்டி. பந்து தன்னுடையதா என்று பார்க்கத் தூக்குமுன் அதன் இடத்தை மார்க் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 1 ஸ்ட்ரோக். ஃபேர்வேயில் பயிற்சி ஸ்விங் பந்தில் பட்டு நகர்ந்தால் 1 ஸ்ட்ரோக், பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். டீயில், ஆட்டத்துக்கான முதல் ஷாட்டுக்கு முன், அப்படி நகர்ந்தால் பெனால்டி இல்லை.

மழைக்காலத்தில் பந்தைத் தூக்கித் துடைத்து வைக்கும் ‘பிரிஃபர்ட் லைஸ்’ குறித்து எழுந்த குழப்பம், நாம் அதைத் தெளிவாக அறிவிக்காததால் வந்தது. எத்தனை அங்குலம், ஃபேர்வேயில் மட்டுமா என்பதைக் கமிட்டி எழுத்தில் போட வேண்டும். அறிவிப்பு இல்லாத நாளில் அந்தச் சலுகையும் இல்லை. பங்கரில் (மணல் குழி) சருகை எடுக்கலாம், ஆனால் பயிற்சி ஸ்விங்கில் மணலைத் தொடக்கூடாது. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது. இந்த இரண்டிலும் தகராறு எழவில்லை.

கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) இரண்டு பழக்கங்கள். பந்தின் இடத்தைக் குறிக்கும் நாணயத்தைப் பந்துக்குச் சற்று முன்னால் நழுவ விட்டு, திரும்ப வைக்கும்போது பந்தை நாணயத்துக்கும் முன்னால் வைப்பது ஒன்று. ஒரு விரல்கடைதானே என்று தோன்றும். தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு 2 ஸ்ட்ரோக். மற்றொன்று ‘கிம்மி’, குழிக்கு அருகே கிடக்கும் பந்தைப் போடாமலே போட்டதாக எண்ணிக்கொள்வது. மேட்ச் பிளேயில் (ஒவ்வொரு ஹோலையும் வெல்வதை எண்ணும் ஆட்டமுறை) எதிராளி விட்டுக்கொடுப்பது விதிக்குட்பட்டதே. ஸ்ட்ரோக் பிளேயில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. பந்து குழியில் விழாமல் அடுத்த ஹோலில் டீ ஷாட் அடித்தால் தகுதி நீக்கம். நண்பர்களோடு ஆடிய ஆட்டத்தில் முடிக்காமல் விட்ட ஹோலை ஹேண்டிகேப்புக்காக (திறனுக்கேற்பக் கிடைக்கும் ஸ்ட்ரோக் சலுகை) பதிவதானால், அதுவரை அடித்ததோடு சேர்க்க வேண்டிய எண்ணுக்கு அளவு இருக்கிறது: பந்து குழியிலிருந்து 5 அடிக்குள் இருந்தால் 1, 5 அடிக்கும் 20 கெஜத்துக்கும் இடையில் 2 அல்லது 3, அதற்கு மேல் 3 அல்லது 4.

எண்ணிக்கை தவறுவதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஏழெட்டு ஸ்ட்ரோக் ஆகிவிட்ட ஹோலில், பங்கருக்குள் விழுந்த அடியும் காற்றை மட்டும் வெட்டிய ஸ்விங்கும் நினைவிலிருந்து நழுவுகின்றன. (பந்தை அடிக்க எண்ணி வீசியது பந்தில் படாவிட்டாலும் ஒரு ஸ்ட்ரோக்தான்.) கிரீனை விட்டு இறங்கியதும் இடங்களை வரிசையாகச் சொல்லி எண்ணுங்கள்: டீ, ரஃப், மரத்தடி, பங்கரில் இரண்டு, கிரீனில் மூன்று, மொத்தம் எட்டு. இடத்தோடு சேர்த்துச் சொன்னால் விடுபட்டது தானே தெரியும். ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலின் உச்சவரம்பு நெட் டபுள் போகி: பார் (அந்த ஹோலுக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை), அதோடு 2, அதோடு அந்த ஹோலில் கிடைக்கும் ஹேண்டிகேப் ஸ்ட்ரோக். பார் 4 ஹோலில் 2 ஸ்ட்ரோக் பெறுபவருக்கு 8. விதி 21.2 அனுமதிக்கும் மேக்சிமம் ஸ்கோர் முறையில் இந்த வரம்பையே வைத்து மாதாந்திர ஆட்டங்களை நடத்தினால், எட்டைத் தொட்டவர் பந்தை எடுத்துக்கொண்டு நகரலாம். பதினொன்றை ஒன்பதாக்கும் தேவையே எழாது.

மார்க்கர் வேலையை நாம் கையெழுத்து போடும் சடங்காக்கிவிட்டோம். 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ 17-வது ஹோலில் 3 எடுத்ததை, மார்க்கராக இருந்த டாமி ஆரன் 4 என்று எழுதினார். கவனிக்காமல் கையெழுத்திட்டதால் 65 என்ற ஸ்கோர் 66 ஆயிற்று. பாப் கோல்பியோடு பிளே-ஆஃப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) ஆட வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். கூடுதலாக எழுதியது அப்படியே நிற்கும். குறைத்து எழுதினால் தகுதி நீக்கம். அந்த விதி அடிப்படையில் இன்றும் அதேதான். கூட்டல் பிழை ஆட்டக்காரர் தலையில் விழாது, ஹோல்வாரி எண்கள் விழும்.

மூத்தவரிடமோ மேலதிகாரியிடமோ எப்படிக் கேட்பது என்ற தயக்கம் புரிகிறது. “ஆறா, ஏழா, சேர்ந்து எண்ணிப் பார்ப்போமா?” என்று அந்த இடத்திலேயே கேட்பது யாரையும் குற்றம் சாட்டுவதாகாது. ஆட்டம் முடிந்து, ஆள் இல்லாத இடத்தில் பேசுவதுதான் அவமதிப்பு. உடன்பாடு வராவிட்டால் மார்க்கர் கையெழுத்திடக் கூடாது. கார்டைக் கமிட்டிக்குக் கொண்டு வரலாம். விதியே தெரியாத நிலையில் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு பந்து ஆடலாம்: எது கணக்கில் சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி, கார்டு கொடுக்கும் முன் கமிட்டியிடம் தெரிவிக்க வேண்டும், இரண்டிலும் ஒரே ஸ்கோர் வந்தாலும் கூட. ஒரு விதி பொருந்தும் என்று தெரிந்தே இருவர் பேசி அதைத் தள்ளிவைத்தால் இருவருக்கும் தகுதி நீக்கம். ஆகவே கண்டுகொள்ளாமல் விடுவது நட்புக்குச் செய்யும் உதவியல்ல.

ஹேண்டிகேப்பைத் திரிப்பதை நான் இவற்றுக்கெல்லாம் மேலான குற்றமாகவே கருதுகிறேன். பந்தை நகர்த்துபவர் அன்றைய ஒரு ஆட்டத்தைக் கெடுக்கிறார். ஹேண்டிகேப்பை ஊதிவைப்பவர் அதன்பின் ஆடும் ஒவ்வொரு போட்டியிலும் எல்லோரிடமிருந்தும் எடுக்கிறார்.

2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 கார்டுகளில் சிறந்த 8-ன் சராசரிதான் இண்டெக்ஸ். ஒரு கார்டின் மதிப்பு: ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கை (தேர்ந்த ஆட்டக்காரருக்கு மைதானத்தின் கடினத்தைக் காட்டும் எண்) கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பதைக் காட்டும் எண்) வகுப்பது. கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 125 என்றால் 92 அடித்தவருக்கு 18.8, 82 அடித்தவருக்கு 9.8. சிறந்தவை மட்டும் சேர்வதால், ஒருவர் தன் ஹேண்டிகேப்புக்கு மேல் பல வாரம் ஆடுவது இயல்பே. அதை வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம். மோசடி செய்பவர் நல்ல கார்டுகளைப் பதியாமல் விடுகிறார், அல்லது மோசமான கார்டுகளைக் குவித்துப் பழைய நல்லவற்றை இருபதுக்கு வெளியே தள்ளுகிறார். பரிசு ஆட்டங்களில் மட்டும் இண்டெக்ஸைவிடப் பல ஸ்ட்ரோக் குறைவாகத் தொடர்ந்து வருவதே கவனிக்க வேண்டிய அடையாளம்.

முறைக்குள்ளேயே சில தடுப்புகள் உண்டு. ஓராண்டின் மிகக் குறைந்த இண்டெக்ஸுக்கு மேல் 3.0 கடந்தால் உயர்வு பாதியாகும், 5.0-ல் நின்றுவிடும். இண்டெக்ஸைவிட 7.0 முதல் 9.9 வரை சிறந்த கார்டு வந்தால் 1.0 குறையும், 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் 2.0. இவை பதிந்த கார்டுகளைத்தான் பார்க்கும், பதியாததைப் பார்க்க முடியாது. அதைப் பார்க்கக்கூடியவர்கள் உடன் ஆடியவர்கள் மட்டுமே. பெருமைக்காக ஹேண்டிகேப்பைக் குறைத்து வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஜோடி ஆட்டத்தில் அதன் சுமை கூட்டாளி மேல் விழுகிறது.

நண்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு முதல் டீயில் ‘மல்லிகன்’ (முதல் அடியைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி அடிப்பது) எடுப்பதைச் சங்கம் தடுக்கவில்லை. அந்த ஆட்டத்தின் கார்டை ஹேண்டிகேப்புக்குப் பதியக் கூடாது, அவ்வளவுதான்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள்: மாதாந்திர ஆட்டங்களில் E-5 உள்ளூர் விதியும் நெட் டபுள் போகி வரம்பும், ஹேண்டிகேப்புக்கான ஆட்டம் என்பதை முதல் டீக்கு முன்பே பதிவு செய்து, ஸ்கோரை அன்றைக்கே ஏற்றுவது, மார்க்கர்களைக் குலுக்கலில் தேர்ந்து, ஒரே இருவர் தொடர்ந்து ஒருவருக்கொருவர் மார்க்கராக அமையாமல் பார்த்துக்கொள்வது, இண்டெக்ஸைத் திருத்தும் முன் உறுப்பினரை அழைத்து அவர் விளக்கத்தைக் கேட்பது. தெரிந்தே பொய் கார்டு கொடுத்தது பின்னாளில் வெளிப்பட்டாலும், போட்டி முடிந்த பிறகும் தகுதி நீக்கம் செய்ய விதி 20.2 இடம் தருகிறது. கமிட்டி அதைப் பயன்படுத்தும்.

தீர்மானங்கள் மீதான விவாதத்துக்குப் பின் பொருளாளர் கணக்கறிக்கையைச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்